யாழில் சோலர் பனல் பொருத்தும் சிறு ஆலை: எந்த இயந்திரம், எந்த மூலப்பொருள்?

#1 வடலி

வணக்கம். வலிகாமத்தில் 5,000 சதுர அடிக் கட்டடம் ஒன்று இருக்கு, மூன்று பேஸ் மின்சாரத்தோட. சோலர் செல்லை (வெளிச்சத்தை மின்னாக்கிற சிலிக்கன் தகட்டை) வெளியிலிருந்து இறக்கி, இஞ்சயே பனலாகப் பொருத்தி விற்கிற சிறிய ஆலை ஒன்றுக்கு யோசனை. பாவித்த இயந்திரத் தொகுதி ஒன்றும் விலைக்கு வந்திருக்கு. 2017 தயாரிப்பு. செல்களைக் கம்பியால் தொடுக்கிற ஸ்ட்ரிங்கர் (156.75 மி.மீ. செல், 5 பஸ்பார், அதாவது செல்லின் மேல கம்பி ஒட்டுற வெள்ளிப் பட்டை ஐந்து), கண்ணாடியையும் செல்லையும் சூட்டில அமத்தி ஒட்டுற ஒற்றை அறை லெமினேற்றர், சட்டம் பூட்டுற இயந்திரம், வாற் அளக்கிற பிளாஷ் ரெஸ்ரர் எல்லாம் அதில அடக்கம். விலை நல்ல மலிவு.

தெரிய வேண்டியது மூன்று. இந்தத் தொகுதி இப்பத்தைய செல்லுக்குச் சரிவருமா? மூலப்பொருள்களில என்ன மாறியிருக்கு? எங்கட உப்புக்காற்றைத் தாங்கிற பனல் எண்டு தனியாக ஒன்று செய்ய ஏலுமா? விசயம் தெரிஞ்ச ஆக்கள் கணக்கோட சொல்லுங்கோ.

#2 மின்கணக்கு

தம்பி, முதலில ஸ்ட்ரிங்கரைப் பாருங்கோ, ஏனெண்டால் அதுதான் உங்களைக் கவிழ்க்கப் போறது. 156.75 மி.மீ. செல்லுக்குப் பிறகு 166 வந்தது, பிறகு 182, 210, இப்ப 182க்கு 210 எண்ட நீள்சதுரமும் ஓடுது. சந்தையில இப்ப கொள்கலன் கணக்கில கிடைக்கிறது 182 மி.மீ. ரொப்கொன் (இப்பத்தைய வகைச் சிலிக்கன்) செல், பாதியாக வெட்டினது, 16 பஸ்பார். 5 பஸ்பார் இயந்திரத்தில ஓடுறது ஒரு மில்லிமீற்றருக்குக் கிட்ட அகலமான தட்டை ரிபன். 16 பஸ்பாருக்கு வேணும் எண்டுறது 0.25 முதல் 0.3 மி.மீ. விட்டமுள்ள உருண்டைக் கம்பி. கம்பியை இழுக்கிற தாடை, அமத்திப் பிடிக்கிற ஊசி வரிசை, இடம் பார்க்கிற கமரா, சூடாக்கிற விளக்குத் தட்டு எல்லாத்தையும் மாற்ற வேணும். மாற்றி முடிக்கேக்க புது இயந்திர விலைக்குக் கிட்ட வந்திடும்.

அடுத்தது தடிப்பு. அந்த இயந்திரம் வந்த காலத்தில செல் 180 மைக்ரோமீற்றர். இப்ப ரொப்கொன் 130 அளவு, எச்ஜேரி எண்ட இன்னொரு வகை 110–120. பழைய உறிஞ்சுகிண்ணத்தின் அழுத்தத்தை மெல்லிய செல் தாங்காது. கையில எடுத்துப் பார்த்தால் முழுசாகத்தான் இருக்கும், ஆனால் உள்ளுக்க மயிரிழை வெடிப்பு ஓடியிருக்கும். கூரையில வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்க அந்த வெடிப்பு நீளும்.

இனி ஒரு கணக்கு. 144 பாதிச் செல் உள்ள பனல், 2278க்கு 1134 மி.மீ., 580 வாற் எண்டு வையுங்கோ. மணிக்கு 1,500 செல் தொடுக்கிற பழைய வேக ஸ்ட்ரிங்கர் எண்டால் மணிக்கு 10 பனலுக்குக் கொஞ்சம் மேல. எட்டு மணி நேர வேலை, 80 வீத ஓட்டம் எண்டால் நாளைக்கு 66 பனல் அளவு, அதாவது 38 கிலோவாற். வருசம் 300 நாளுக்கு ஏறத்தாழ 11.5 மெகாவாற். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஒற்றை அறை லெமினேற்றரில ஒரு தரத்துக்கு இந்த அளவுப் பனல் ரண்டு வைக்கலாம் எண்டு பிடியுங்கோ, ஒரு சுற்று 20 நிமிசம். மணிக்கு 6 தான் வரும். ஸ்ட்ரிங்கர் 10 தர, லெமினேற்றர் 6 விழுங்க, மிச்சம் மேசையில கிடந்து ஈரம் குடிக்கும். பெரிய ஆலைகள் ரண்டு, மூன்று அறையுள்ள, அடுக்கடுக்காக வைக்கிற லெமினேற்றருக்குப் போனதுக்குக் காரணம் இதுதான். இப்பத்தைய ஸ்ட்ரிங்கர் மணிக்கு 6,000 பாதிச் செல்லைத் தாண்டுது, அதுக்கு ஒற்றை அறை ஈடு குடுக்காது.

#3 வடலி

விளங்குது அண்ணை. அப்ப ஸ்ட்ரிங்கரை விட்டிட்டு லெமினேற்றரை மட்டும் எடுத்தால்? மற்றது, செல்லையும் இஞ்சயே செய்தால் என்ன எண்டு ஒரு நண்பர் கேட்கிறார். யாழ் பல்கலைக்கழகத்தில சூரியகல ஆராய்ச்சி நடக்குதுதானே?

#4 பௌதிகம்

செல் பற்றி நான் சொல்லுகிறேன். ஆராய்ச்சி வேறு, உற்பத்தி வரிசை வேறு. பல்கலைக்கழகத்தில் நடப்பது சின்னப் பரப்பில் புதிய பொருள்களைச் செய்து பார்ப்பது. அது வளர வேண்டியது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் சிலிக்கன் செல் வரிசை ஒன்று என்னத்தை விழுங்கும் என்று பாருங்கள்.

ரொப்கொன்னுக்கு முந்திய பேர்க் வகைச் செல்லில் பொஸ்பரஸ் பரவலுக்கு 850 பாகை போதும். ரொப்கொன் என்-வகை (அடிச் சிலிக்கனில் பொஸ்பரஸ் கலந்தது), ஆகவே முன்பக்கம் போரன் பரவல், அது 1,000 பாகையைத் தொடும். பின்பக்கத்தில் 1 முதல் 2 நனோமீற்றர் தடிப்பில் ஒட்சைட்டுப் படை, அதன் மேல் 100 நனோமீற்றரைச் சுற்றிய பொலிசிலிக்கன் படை. இந்தப் பொலிசிலிக்கனை எப்படிப் படிய வைப்பது என்பதில்தான் இயந்திரக்காரர் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். தாழ் அழுத்த வாயு முறையில் படை சீராக வரும், ஆனால் செல்லின் விளிம்பைச் சுற்றி மற்றப் பக்கத்திலும் படியும், அதை இரசாயனத்தில் கழுவி நீக்க ஒரு படி கூடும். குவாட்ஸ் குழாயின் உட்சுவரிலும் படிந்து, குழாய் வெடிக்கும். பிளாஸ்மா முறையில் இந்தச் சுற்றிப்படிதல் குறைவு, மாசேற்றத்தையும் (பொஸ்பரஸ் கலப்பதை) அதே அறையில் முடிக்கலாம். ஆனால் படையில் ஐதரசன் கூடினால் சூடாக்கும்போது கொப்புளம் போட்டுக் கழன்றுவிடும்.

இந்த வரிசைக்கு சிலேன் வாயு வேண்டும். காற்றுப் பட்டாலே தீப்பற்றும் வாயு அது. ஐதரோபுளோரிக் அமிலம் வேண்டும், அயன் நீக்கிய நீர் நாள் முழுக்க ஓட வேண்டும். கழிவில் புளோரைட்டு வரும், சுண்ணாம்பு போட்டு வீழ்படிவாக்கி எடுக்க வேண்டும். குடாநாட்டில் ஆறு கிடையாது. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணாம்புக்கல்லுக்குள் நிற்கும் அதே நிலத்தடி நீர். 2014–15 இல் சுன்னாகப் பக்கக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது பட்ட பாட்டை ஊரே அறியும். செல் ஆலைக்கு இந்த மண் ஏற்ற இடமல்ல என்பதை நான் தயங்காமல் சொல்லுவேன்.

உலக நிலைமையும் அதுதான். பொலிசிலிக்கனிலிருந்து பனல் வரை ஒவ்வொரு கட்டத்திலும் சீனாவின் பங்கு 80 வீதத்துக்கு மேல் என்று சர்வதேச சக்தி முகவரகம் 2022 இல் எழுதியது. ஐரோப்பாவில் இயந்திரமும் செய்து செல்லும் செய்த மேயர் பேர்கர் நிறுவனம் 2025 இல் முறிந்தது. சிலிக்கனுக்கு மேல் பெரோவ்ஸ்கைட் என்ற வேறொரு பொருளை வைத்த இரட்டை அடுக்கில் 2025 ஏப்ரலில் சீன நிறுவனமான லொங்கி 34.85 வீதச் செயல்திறன் காட்டியது, ஆனால் அது ஆய்வுகூடச் சிறு செல்லின் கணக்கு. உங்கள் திட்டத்துக்கு அது இப்போது தேவையில்லை.

#5 கண்ணாடித்தூள்

லெமினேற்றரைப் பற்றி. வாங்கிறதெண்டால் ரண்டு விசயம் பாருங்கோ. ஒன்று, சூடாக்கிற தட்டு முழுக்க வெப்பம் ஒண்டாக இருக்கா எண்டு. 9 இடத்தில வெப்பமானி ஒட்டி, 145 பாகைக்கு வைச்சு அளவுங்கோ. நடுவுக்கும் மூலைக்கும் வித்தியாசம் 3 பாகையைத் தாண்டினால் மூலையில பசை வேகாது. அடுத்தது வெற்றிடப் பம்பி. ஈவிஏ (செல்லைக் கண்ணாடியோட ஒட்டுற பசைத்தாள்) உருகேக்க வாற அசற்றிக்கமிலமும் நீராவியும் பம்பி எண்ணெயுக்குள்ள போகும். எண்ணெய் பால்மாதிரி வெளிறினால் வெற்றிடம் விழுந்திட்டுது எண்டு அர்த்தம். அதுக்குப் பிறகு வாற பனல் எல்லாத்திலயும் சின்னச் சின்னக் குமிழ் நிற்கும். சிலிக்கோன் இறப்பர் விரிப்பும் தேயுற சாமான், ஒன்று எப்பவும் மேலதிகமாக இருக்க வேணும்.

ஒட்டுற சுற்றுக்கு ஒரு மாதிரிக் கணக்கு: 145 பாகை, முதல் 5–7 நிமிசம் வெற்றிடம் மட்டும், பிறகு அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி 8–12 நிமிசம். அவசரத்தில முழு அழுத்தத்தையும் ஒரேயடியாகப் போட்டால் செல் நகர்ந்து ஒண்டோட ஒண்டு முட்டும். வெந்திருக்கா எண்டு கண்ணால பார்த்துச் சொல்லேலாது. ஒட்டின ஈவிஏயில ஒரு துண்டு வெட்டி, நிறுத்து, கொதிக்கிற சைலீனில கரைச்சு, கரையாமல் மிஞ்சினதை உலர்த்தித் திரும்ப நிறுக்கிறது. 75 முதல் 90 வீதம் மிஞ்ச வேணும். குறைஞ்சால் வெயிலில இளகும், கூடினால் மொறுமொறுத்துக் கழரும்.

தம்பி, உங்கட கட்டடத்துக்குப் பெரிய தலையிடி ஈரப்பதன்தான். ஈவிஏ சுருள் 30 பாகைக்குக் கீழ, 60 வீத ஈரப்பதனுக்குக் கீழ, வெயில் படாமல் இருக்க வேணும். செய்த நாளிலிருந்து ஆறு மாசம்தான் ஆயுள். சீனாவிலிருந்து கப்பலில வந்து, கொழும்பில கிடந்து, ஏ9 வீதியால இஞ்ச வர அதில ரண்டு மாசம் போகலாம். சித்திரை, வைகாசியில வெயிலில நிற்கிற கொள்கலனுக்குள்ள 50 பாகை சர்வசாதாரணம். ஐப்பசி, கார்த்திகை மாரியில வெளியில 80 வீதத்துக்கு மேல ஈரம். சுருள் வைக்கிற அறைக்கும் அடுக்குற மேசைக்கும் ஈரம் உறிஞ்சுற குளிரூட்டல் இரவு பகலாக ஓட வேணும். மின் நிண்டால் ஜெனரேற்றர் தானாகத் தொடங்க வேணும். ஒட்டிற சுற்றின் நடுவில மின் போனால் உள்ள இருக்கிற ரண்டு பனலும் குப்பைதான், கழட்டித் திருத்த வழியில்லை.

#6 உவர்நிலம்

உப்புக்காற்றுப் பனல் பற்றிக் கேட்டீங்கள். காரைநகர், மாதகல், பருத்தித்துறைக் கரையில சோளகம் அடிக்கிற மாசங்களில பனலின் கண்ணாடியில விரலால இழுத்தால் வெள்ளைக் கோடு விழும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கு இந்திய மானியத்தில சூரிய–காற்றுக் கலப்பு மின்திட்டத்துக்கு 2024 மார்ச்சில ஒப்பந்தம் வைச்சவை. தீவுக்கு மேல தீவு, எல்லாம் உப்பு. ஆகவே தேவை உண்மையானது.

விற்பனைத்தாளில "உப்பு எதிர்ப்பு" எண்டு எழுதினால் போதாது. உப்புச் சோதனைக்கான சர்வதேசத் தரநியமம் ஐஈசி 61701 இல எந்த மட்டம் எண்டு கேளுங்கோ. மட்டம் 6 எண்டால் உப்பு தெளிச்சு, ஈரத்தில வைச்சு, காய வைக்கிற கிழமைச் சுற்று எட்டு, அதாவது 56 நாள். சட்டத்தின் அலுமினியத்தில அனோடைஸ் படை (அரிப்பைத் தடுக்கிற ஒட்சைட்டுப் படை) 15 மைக்ரோமீற்றருக்குக் குறைஞ்சதை நான் கரையோரத்துக்கு எடுக்க மாட்டன். விலையைக் குறைக்கச் சட்டத்தின் உயரத்தை 35 இலிருந்து 30 மி.மீ.க்கு இறக்கினது மாதிரி, இந்தப் படையையும் சத்தமில்லாமல் மெலிதாக்கினவை இருக்கினம்.

அரிப்புத் தொடங்கிற இடம் எப்பவும் வெட்டுவாய். சட்டத்தின் நான்கு மூலை, தண்ணி வடியிற துளை, நில இணைப்புத் துளை. துரு ஏறாத உருக்கு நட்டோட அலுமினியத்தை நேரடியாக இறுக்கி, நடுவில உப்புத்தண்ணி நிண்டால் அலுமினியம்தான் கரையும். வெள்ளைப்பொடி மாதிரி வரும். அதைக் கண்டால் நில இணைப்பின் தடையை அளக்க வேணும், துடைச்சுப்போட்டு விடக்கூடாது.

#7 பௌதிகம்

அக்கா சொன்னது வெளிப்பக்கம். உப்பு உள்ளே போனால் நடப்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ரொப்கொன் செல்லுக்கு இது பேர்க்கைவிடக் கூடுதலான பிரச்சினை. முன்பக்கத்தில் மின்னோட்டத்தைச் சேர்க்கும் மெல்லிய விரல்கோடுகளை வெள்ளியும் கொஞ்சம் அலுமினியமும் கலந்த பசையால் அச்சிட்டார்கள். ஈரமும் ஈவிஏயின் அசற்றிக்கமிலமும் சோடியமும் சேர்ந்தால் அந்தத் தொடுகை அரித்து, தொடர்தடை ஏறும். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் செல்லின் மேல் உப்பைப் பூசி ஈரவெப்பத்தில் வைத்துச் செய்த சோதனைகள் இதைத் தெளிவாகக் காட்டின. அங்கே உப்பை வேண்டுமென்றே பூசினார்கள். ஆலையில் அது வருவது வேலையாளின் விரல் வியர்வையிலிருந்து. வெறுங்கையால் தொட்ட செல்லில் பெருவிரல் அடையாளம் ஒட்டின உடனே தெரியாது, ஆயிரம் மணி நேர ஈரவெப்பத்துக்குப் பின் ஈஎல் படத்தில் (மின்னோட்டம் விட்டுச் செல் ஒளிர்வதை எடுக்கும் படம்) அந்த ரேகை அப்படியே கறுப்பாக வரும். கையுறை இல்லாமல் ஒருவரும் செல்லைத் தொடக்கூடாது. யாழ்ப்பாண வெக்கையில் கையுறை நனையும், இரண்டு மணிக்கு ஒருக்கா மாற்ற வேண்டும்.

இங்கேதான் லெக்கோ என்கிற படி முக்கியம். அச்சிட்டுச் சுட்ட செல்லுக்கு எதிர்த்திசை மின்னழுத்தம் கொடுத்தபடியே லேசரால் வருடும்போது, வெள்ளிக்கும் சிலிக்கனுக்கும் இடையில் நுண்ணிய இடங்களில் மின்னோட்டம் பாய்ந்து தொடுகை உருவாகிறது. 2023 இலிருந்து வேகமாகப் பரவியது. செயல்திறன் 0.3 வீதப்புள்ளி அளவு கூடியதைத்தான் எல்லோரும் விளம்பரப்படுத்தினார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று: முன்பக்கப் பசையில் அலுமினியம் தேவையில்லாமல் போனது, அதனால் அரிப்பும் குறைந்தது. செல் வாங்கும்போது கேட்க வேண்டிய முதற்கேள்வி, "லெக்கோ செய்ததா, முன்பசை அலுமினியம் இல்லாததா?"

#8 கண்ணாடித்தூள்

அதோட பசைத்தாளையும் சேர்த்து யோசியுங்கோ. ஈவிஏக்குப் பதிலாக வாற பிஓஈ தாள் எண்டால் அசற்றிக்கமிலம் வராது, ஈரமும் குறைவாகத்தான் ஊடுருவும். ஆனால் ஒட்டிற நேரம் கூட, விலையும் கூட. தாளின் மேல சேர்மானங்கள் கசிஞ்சு வழுக்கும், அடுக்கி வைச்ச செல் வரிசை மேசையிலயே நகரும். இதுக்கு நடுவழியாக வந்ததுதான் ஈவிஏக்கு நடுவில பிஓஈயை வைச்சு ஒரே தாளாக இழுத்த ஈபிஈ. கரையோரப் பனலுக்கு என்ர தெரிவு: முன்பக்கம் ஈபிஈ அல்லது பிஓஈ, பின்பக்கம் கண்ணாடி.

#9 மின்கணக்கு

பின்பக்கக் கண்ணாடியில எனக்குத் தயக்கம் இருக்கு, கண்ணாடித்தூள் அண்ணை. ஒற்றைக் கண்ணாடிப் பனலில 3.2 மி.மீ. முழுசாகப் பதப்படுத்தினது. ரட்டைக் கண்ணாடியில 2.0 மி.மீ. அவ்வளவு மெல்லிசை முழுப்பதம் போடுறது கஷ்டம், வெப்பத்தால ஓரளவு பலப்படுத்தினதோட நிக்குது. பாரமும் 28 கிலோவிலிருந்து 32 கிலோவுக்குப் போகுது. அமெரிக்க என்ஆர்ஈஎல் ஆய்வுகூடமே மெல்லிய ரட்டைக் கண்ணாடிப் பனல்கள் காரணம் தெரியாமல் வெடிக்கிறதைப் பற்றி எழுதியிருக்கு. கூரையில ஓட்டுக்கு மேல பூட்டுற வேலையாள் கிளாம்பை மனம்போல முறுக்கினால் முதலில போறது கண்ணாடிதான்.

#10 கண்ணாடித்தூள்

தயக்கம் நியாயம். வெடிப்புக்கு ஒரு காரணம் ஆலைக்குள்ளயே இருக்கு, அதைச் சொல்லுறன். ரட்டைக் கண்ணாடியை லெமினேற்றரில சும்மா வைச்சு அமத்தினால் விளிம்பில விரிப்பு மடிஞ்சு கீழ இழுக்கும். பசை வெளியால பிதுங்கி, விளிம்பு நடுவைவிட மெலிஞ்சுபோகும். கண்ணாடி வில்லுமாதிரி வளைஞ்ச நிலையிலயே ஒட்டிப்போய், வாழ்நாள் முழுக்க இழுவிசையில நிற்கும். பிறகு வெயில் சூடும் கிளாம்பும் மேலதிகம். இதுக்கு மருந்து, பனலைச் சுற்றி அதே உயரத்தில ஒரு உலோகச் சட்டகம் வைச்சு அமத்திறது. ஒட்டி முடிய விளிம்பிலயும் நடுவிலயும் தடிப்பை அளந்து எழுதி வையுங்கோ. நான் ஏற்கிற வித்தியாசம் 0.2 மி.மீ.

கண்ணாடிக்குப் பதிலாகப் பின்பக்கம் பிளாஸ்ரிக் பின்தாள் எண்டால் பயமில்லை எண்டும் இல்லை. 2010ஐ ஒட்டின வருசங்களில செய்த பொலிஅமைட்டுப் பின்தாள்கள் ஏழெட்டு வருசத்தில செல் இடைவெளி வழியாக வெடிச்சு, மழைநேரம் இன்வேட்டர் மின்கசிவு எண்டு நிண்டது. அதுக்குப் பிறகு பொலிஅமைட்டைச் சந்தை கைவிட்டுது.

#11 வடலி

வெள்ளி விலை ஏறினது பனலில தெரியுமா? "பூச்சிய பஸ்பார்" எண்டு ஒன்று விளம்பரத்தில வருது, அது என்ன?

#12 பௌதிகம்

ரொப்கொன்னில் வாற்றுக்கு 10 மில்லிகிராம் அளவில் வெள்ளி. 580 வாற் பனலில் கிட்டத்தட்ட 6 கிராம், முக்கால் பவுண் எடை. 2025 ஒக்ரோபரில் வெள்ளி அவுன்ஸ் 50 டொலரைத் தாண்டிய பிறகு இது சின்ன விசயமில்லை. ஆகவே எல்லா மாற்றமும் வெள்ளியைக் குறைக்கிற பக்கமே போகிறது. விரல்கோடு மெலிகிறது, எச்ஜேரியில் வெள்ளி பூசிய செப்புப் பசை வந்துவிட்டது, செப்பை மின்பூச்சாக இடும் முயற்சியும் நடக்கிறது.

பூச்சிய பஸ்பார் என்றால் செல்லின் மேல் அகலமான வெள்ளிப் பட்டையை அச்சிடாமல், விரல்கோட்டிலேயே நேரடியாகக் கம்பியைப் பிடிப்பது. பசைப்புள்ளி வைத்துக் கம்பியை நிறுத்தி, லெமினேற்றர் சூட்டில் ஈயப்பூச்சு உருகி ஒட்ட வைப்பார்கள். வழமையான வெள்ளீயம் 60, ஈயம் 40 கலவை 183 பாகைக்கு மேல்தான் உருகும், லெமினேற்றர் அதைத் தொடாது. ஆகவே பிஸ்மத் சேர்த்த, 140 பாகைக்குக் கிட்ட உருகும் கலவை. அது நொய்மையானது. வெப்பச்சுற்றுச் சோதனை 200 என்பது பனல்களுக்கான தரநியமம் ஐஈசி 61215 இன் குறைந்தபட்சம் மட்டுமே, இந்தப் பனலுக்கு 400, 600 சுற்று அறிக்கை இல்லாமல் நான் நம்பமாட்டேன்.

இன்னொன்று புறஊதா. ரொப்கொன்னிலும் எச்ஜேரியிலும் வெயிலின் புறஊதாவால் மேற்பரப்புப் பாதுகாப்புப் படை கெட்டு, வாற் இறங்குவதை இப்போது பல ஆய்வுகூடங்கள் கவனிக்கின்றன. சதுர மீற்றருக்கு 15 கிலோவாற் மணிப் புறஊதாச் சோதனை அறிக்கை போதாது, 60 அல்லது 120 கேளுங்கள். வருடம் முழுக்க வெயில் எரிக்கும் ஊர் எங்களுடையது.

#13 உவர்நிலம்

கழுவுற விசயத்தையும் இடையில சொல்லிப்போடுறன், ஏனெண்டால் கண்ணாடிப் பூச்சு கெடுறதில ஆலையைவிட நாங்கள்தான் கூடக் குற்றவாளி. முன்கண்ணாடியில ஒளி தெறிக்காமல் இருக்க நுண்துளைச் சிலிக்காப் பூச்சு, 100 நனோமீற்றர் அளவு. எங்கட கிணத்துத்தண்ணி சுண்ணாம்பு. மத்தியானச் சூட்டில அடிச்சால் உடன காய்ஞ்சு வெள்ளைப் படலம் ஏறும், பிறகு அதை உரஞ்சப் பூச்சும் சேர்ந்து போகும். விடியப்புறம், மழைத்தண்ணி சேர்த்து வைச்சிருந்தால் அது, மெல்லிய துணி. செம்மண் பக்கத்தில தூசு கனக்க, ஆனால் உப்பைவிட லேசாகக் கழுவுப்படும்.

#14 மின்கணக்கு

வடலித் தம்பி, விலைக்கு வருவம். 2025 இல சீனப் பனல் ஏற்றுமதி விலை வாற்றுக்கு 10 அமெரிக்க சதத்தைச் சுற்றி. அதில பெரும்பங்கு செல், அடுத்தது கண்ணாடியும் அலுமினியச் சட்டமும். இதெல்லாம் நீங்கள் இறக்குமதி செய்யப்போற சாமான். கண்ணாடியைத் தனியாகக் கொண்டுவந்தால் ஏற்றுக்கூலியும் உடைவும், பனலாகக் கொண்டுவாறதைவிடக் குறையாது. உங்கட கையில மிஞ்சிறது கூலியும் மின்சாரமும் மட்டும், இந்த நாட்டு மின்கட்டணத்தில அதுவும் இலாபமில்லை. ஆகவே 580 வாற் சாதாரணப் பனலைச் செய்து போட்டி போடேலாது. இதை மறைச்சுக் கதைச்சால் உங்களுக்குத்தான் நட்டம்.

ஆனால் இரண்டு இடத்தில இடம் இருக்கு. ஒன்று, கடைப்பனல் பொருந்தாத அளவுகள்: மீன்பிடி வள்ளத்தின் கூரைக்கு, தெருவிளக்குக் கம்பத்துக்கு, தோட்டக் கிணற்றின் சின்னப் பம்பிக்கு 40 முதல் 200 வாற் வரை. இதுக்கு ஒற்றை அறை லெமினேற்றர் தாராளம். செல்லைத் தொடுக்கிறதைக் கையாலயோ சின்ன மேசை இயந்திரத்தாலயோ செய்யலாம். மற்றது, சோதனை. வடக்கில இறங்குற பனல்களை ஆராவது திறந்து பார்க்கினமா எண்டு கேளுங்கோ. கொழும்பிலிருந்து லொறியில 400 கிலோமீற்றர் வந்த பனலில எத்தினை செல் வெடிச்சிருக்கு எண்டு தெரியாமலே கூரையில ஏத்துறம். முதல் வாங்க வேண்டியது ஈஎல் கமரா. லெமினேற்றர் பிறகு வரட்டும்.

#15 வடலி

இது நான் எதிர்பார்க்காத பதில், ஆனால் விளங்குது. அந்தப் பிளாஷ் ரெஸ்ரரையாவது அந்தத் தொகுதியிலிருந்து எடுக்கலாமா?

#16 பௌதிகம்

வேண்டாம். ரொப்கொன், எச்ஜேரி செல்லுக்குக் கொள்ளளவம் (மின்னேற்றத்தைப் பிடித்து வைக்கும் தன்மை) அதிகம். 10 மில்லிசெக்கன் ஒளித்துடிப்பில் மின்னழுத்தத்தை வேகமாக ஏற்றினால் ஒரு பெறுமானமும், இறக்கினால் இன்னொரு பெறுமானமும் வரும். பழைய ரெஸ்ரர்கள் பல அந்த வகை. துடிப்பு 100 மில்லிசெக்கன் அளவு நீளமாக இருக்க வேண்டும், அல்லது இரண்டு திசையிலும் அளந்து திருத்தும் வசதி வேண்டும். இல்லாவிட்டால் நல்ல பனலைக் கெட்டதென்று திருப்பி அனுப்புவீர்கள்.

#17 மின்கணக்கு

ஓம், அது சரி. காசு குறைவாக இருந்தால் முதலில இரண்டு சோதனை போதும். ஒன்று ஈரமின்கசிவு. பனலைச் சவர்க்காரம் கலந்த தண்ணியில அமிழ்த்தி, தொகுதியின் உச்ச மின்னழுத்தம் குடுத்துத் தடையை அளக்கிறது. ஐஈசி கணக்கு சதுர மீற்றரால பெருக்க 40 மெகாஓம். 2.58 சதுர மீற்றர்ப் பனலுக்கு 15.5 மெகாஓமுக்குக் குறையக்கூடாது. கரையோரத்தில பழுதாகிற பனலைப் பிடிக்க இதைவிட மலிவான வழி இல்லை.

மற்றது ஈஎல். பனலுக்கு 60 வோல்ற், 15 அம்பியருக்குக் குறையாத நேர்மின் வழங்கி. நேருக்கு நேர், எதிருக்கு எதிர் பூட்டிப் பனலுக்குள்ள மின்னோட்டத்தை அனுப்பினால் சிலிக்கன் 1,150 நனோமீற்றர் பக்கம் மங்கலாக ஒளிரும், கண்ணுக்குத் தெரியாது. அகச்சிவப்பு வடிகட்டி கழட்டின சாதாரணக் கமராவே பிடிக்கும், முக்காலியில வைச்சு 15 முதல் 30 செக்கன். முழு மின்னோட்டத்தில ஒரு படம், பத்தில ஒரு பங்கில இன்னொரு படம். வெடிப்பு முதற்படத்திலயே தெரியும். மின்னழுத்தத்தால வந்த சோடியச் சேதம் குறைஞ்ச மின்னோட்டப் படத்திலதான் தெளிவாகச் செல் செல்லாக இருளும்.

#18 வடலி

இருட்டறை கட்டாயமா? கட்டடத்தின் கூரைத் தகரத்தில துளை இருக்கு.

#19 மின்கணக்கு

கட்டாயமில்லை, இரவில எடுங்கோ. நிலவு இல்லாத இரவு நல்லது, பக்கத்து வீட்டு எல்ஈடி விளக்கு பரவாயில்லை, அதில அகச்சிவப்புக் குறைவு. பழைய குண்டு பல்ப் எண்டால் நூர்க்கச் சொல்லுங்கோ, அது படத்தைக் கெடுக்கும். முதல் லொறியில வாற பனல் ஒவ்வொரு பலகைக்கட்டிலும் மேல ரண்டு, நடுவில ரண்டு, அடியில ரண்டு எடுங்கோ. குலுக்கலில அடியும் மேலும்தான் கூட வாங்கும். வரிசை எண்ணும் படத்தில விழ வேணும், பிறகு முகவரோட கதைக்கேக்க அது இல்லாமல் ஒண்டும் நடக்காது.

#20 உவர்நிலம்

கிளாம்ப் பூட்டின பிறகும் அதே பனலை ஒருக்கா எடுத்து, முதற்படத்துக்குப் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. வெடிப்பு லொறியில வந்ததா, எங்கட ஆள் மேல ஏறி மிதிச்சு வந்ததா எண்டு அப்பதான் பிரியும். மிதிச்ச வெடிப்பு ஒரு புள்ளியிலிருந்து எக்ஸ் மாதிரி நாலு பக்கம் ஓடும்.

#21 வடலி

நன்றி அண்ணைமார், அக்கா, பௌதிகம் சேர். தொகுதியை வேண்டாம் எண்டு சொல்லிட்டன். மின் வழங்கியும் கமராவும் தேடுறன். முதற்படத்தை இதிலயே போடுறன், எது வெடிப்பு, எது விரல்கோட்டு அச்சுப் பிழை எண்டு பிரிச்சுச் சொல்லுங்கோ.

#22 பௌதிகம்

போடுங்கள் தம்பி. அச்சுப் பிழை விரல்கோட்டின் திசையிலேயே நேராக, கம்பிக்கும் கம்பிக்கும் இடையில் மட்டும் நிற்கும். வெடிப்பு கம்பிகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு சாய்வாகப் போகும். படத்தைச் சுருக்காமல் முழு அளவில் ஏற்றுங்கள், சுருக்கினால் மெல்லிய கோடுகள் போய்விடும்.